புது ஸ்டாண்ட் மிக்ஸர்: 15 நிமிடம் பிசைந்தும் மாவு பசையாகவே இருக்கிறது

வேளச்சேரி வெண்ணெய்

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, போன வாரம் ஒரு ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கினேன். 5 லிட்டர் கிண்ணம், தலைப்பகுதி பின்னால் சாயும் வகை. பெட்டி பிரித்த அன்று வீட்டில் ஆளுக்கொரு முறை அதைத் தடவிப் பார்த்தார்கள். என் அம்மா மட்டும் விலையைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஸ்கார்பரோ அன்னம் அக்கா இங்கே முன்பு எழுதிய பால் ரொட்டிக் குறிப்பைத்தான் செய்தேன். மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 360 மில்லி, முட்டை 1, சர்க்கரை 50, உப்பு 9, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, வெண்ணெய் 60 கிராம். மாவு பிசையும் கொக்கியைப் போட்டு 4ஆம் வேகத்தில் 15 நிமிடம் ஓடவிட்டேன். மாவு திரண்டு கிண்ணத்தைவிட்டு விலகும் என்று அக்கா எழுதியிருந்தார். என் மாவு விலகவே இல்லை. அடியில் பசை போல ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் எண்ணெய் மினுமினுத்தது. மெஷினும் மேடையில் மெல்ல நகர்ந்து விளிம்புவரை வந்துவிட்டது. நல்லவேளை பக்கத்திலேயே நின்றேன்.

இருக்கட்டும் என்று ஒன்றரை மணி நேரம் மூடிவைத்து, டின்னில் போட்டு, மேலும் 1 மணி நேரம் விட்டு, ஓடிஜி மின்சார அடுப்பில் 190 டிகிரியில் சுட்டேன். மேல்பகுதி உள்வாங்கி, ஓட்டை ஓட்டையாக, கள் வாடையோடு ஒரு செங்கல் கிடைத்தது. "இதற்கு அந்தப் பணத்தில் இரண்டு கிரைண்டர் வாங்கியிருக்கலாமே" என்றார் அம்மா. பழுது மெஷினிலா, மைதாவிலா, என்னிடமா?

கோவைக் கல்

அம்மா சொன்னதில் தவறு என்ன? எங்கள் ஊர் டில்டிங் கிரைண்டரில் மாவு பிசைகிற இணைப்பு கூடவே வருகிறது, தேங்காய்த் துருவியும் வருகிறது. பதினொரு வருடமாக அதில்தான் சப்பாத்தி மாவு பிசைகிறோம். பிசைவது பிசைவதுதான். பளபளப்பான வண்ணத்துக்கு யார் காசு கொடுப்பது?

பழைய மாஸ்டர்

நாகர்கோவில் பக்கம் பேக்கரிகளில் 31 வருடம் வேலை பார்த்தவன். தங்கைக்கு மூன்று கேள்விகள். பிசைந்து முடித்தபோது மாவின் சூடு எவ்வளவு? பால் எவ்வளவு சூடாக இருந்தது? வீட்டில் அன்று மின்விசிறி ஓடியதா, ஏ.சி. ஓடியதா?

கோவைத் தம்பிக்கு: கிரைண்டரின் பிசையும் கரம் மாவை அமுக்கித் திருப்புகிறது. சப்பாத்திக்கு அது போதும், நன்றாகவே வரும். ரொட்டி மாவை இழுக்க வேண்டும், மடக்க வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும். கொக்கி அதைச் செய்கிறது. இரண்டும் ஒரே வேலை இல்லை.

வேளச்சேரி வெண்ணெய்

ஐயா, சூட்டை அளக்கவில்லை. பாகு காய்ச்சும் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. பாலில் விரல் வைத்துப் பார்த்தேன், குழந்தைக்குக் கொடுக்கும் பதம். மின்விசிறி மட்டும்தான். சமையலறையில் மதியம் 2 மணி, ஏப்ரல் மாதம், வேளச்சேரி. நான் வேறு சொல்ல வேண்டுமா?

ராத்திரி ரொட்டி

பிசையாமலே ரொட்டி சுடலாம் தெரியுமா? மாவு, தண்ணீர், உப்பு, ஒரு சிட்டிகை ஈஸ்ட் கலந்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள், நேரமே பிசைந்துவிடும். மெஷினைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறதா?

பழைய மாஸ்டர்

பிசையாத ரொட்டி கெட்டியான தோலோடு, பெரிய கண்களோடு வரும். அதற்கு அது அழகு. பஞ்சு போலப் பிய்க்கிற பால் ரொட்டி வேண்டுமென்றால் பிசைந்துதான் ஆக வேண்டும். பேச்சை மாற்றாதீர்கள். தங்கை, ஒரு சிறு மாவு போட்டு அளந்துவிட்டு வாருங்கள்.

வேளச்சேரி வெண்ணெய்

பாதி அளவு போட்டுப் பார்த்தேன். முதலில் ஒரு வேடிக்கை. 250 கிராம் மைதாவைக் கொக்கி பிடிக்கவே இல்லை. மாவு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்க, கொக்கி அதைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு ஓடியது. நான்கு முறை நிறுத்தி வழித்துவிட்டேன்.

15 நிமிட முடிவில் தெர்மாமீட்டரைச் செருகினால் 36 டிகிரி.

பழைய மாஸ்டர்

கிடைத்துவிட்டது. 36 டிகிரியில் மாவு பிசைந்து முடிவதில்லை, பாதி புளித்தே முடிகிறது. வெண்ணெய் உருகும் சூடும் அதை ஒட்டித்தான். நீங்கள் பார்த்த மினுமினுப்பு, வெண்ணெய் மாவுக்குள் நிற்காமல் எண்ணெயாகப் பிரிந்து வெளியே வந்தது. நாங்கள் 26ஐத் தாண்டவிட மாட்டோம். கோடையில் மாவு போடும்போது மெஷினுக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டி இல்லாமல் மாஸ்டர் கையை வைக்க மாட்டார். பையன் ஐஸ் வாங்கி வர மறந்தால் அன்று அவனுக்கு நல்ல அர்ச்சனை உண்டு.

கொக்கி சுற்றும்போது மாவும் கிண்ணமும் உரசிச் சூடு பிறக்கிறது. கையால் பிசைந்தால் நாம் களைத்து நிறுத்திவிடுவோம், மெஷின் களைப்பதில்லை. மிச்சத்தைக் கணக்கு வாத்தியார் சொல்வார், எனக்குக் கைக்கணக்குதான்.

கணக்கு வாத்தியார்

அழைத்ததற்கு நன்றி மாஸ்டர். பேக்கரிக்காரர்களின் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. மாவு எந்தச் சூட்டில் முடிய வேண்டுமோ அதை மூன்றால் பெருக்குங்கள். அதிலிருந்து மைதாவின் சூடு, அறையின் சூடு, பிசையும்போது ஏறும் சூடு ஆகிய மூன்றையும் கழியுங்கள். மீதி வருவது தண்ணீர் இருக்க வேண்டிய சூடு.

உங்கள் சமையலறைக்குப் போட்டுப் பார்க்கிறேன். 26 × 3 = 78. டப்பாவில் இருக்கும் மைதா 31, அறை 32, வீட்டு ஸ்டாண்ட் மிக்ஸர் ஏற்றும் சூட்டுக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். 78 − 31 − 32 − 12 = 3. உங்கள் பால் 3 டிகிரியில் இருக்க வேண்டும். நீங்கள் ஊற்றியது 37, 38. அந்த 12 மெஷினுக்கு மெஷின், வேகத்துக்கு வேகம் மாறும். இரண்டு முறை அளந்தால் உங்கள் எண் கிடைத்துவிடும்.

பாலைக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள், மைதாவையும் 1 மணி நேரம் உள்ளே வையுங்கள். மைதா 31இலிருந்து 20க்கு இறங்கினால் பால் 14 டிகிரி இருந்தாலே போதும் என்று கணக்கு தளர்ந்துவிடும். ஈஸ்ட் குளிரில் செத்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். குளிரில் அது தூங்கும், அவ்வளவுதான். 55, 60 டிகிரி சூட்டில்தான் சாகும். ஆனால் இன்ஸ்டன்ட் ஈஸ்டைப் பனித்தண்ணீரில் நேராகக் கொட்டாதீர்கள். மைதாவோடு கலந்துவிட்டுப் பிறகு பாலை ஊற்றுங்கள்.

ஸ்கார்பரோ அன்னம்

நான் இப்போதுதான் பார்க்கிறேன். தங்கச்சி, என் குறிப்பால் உங்களுக்கு இந்த அலைச்சல் என்றால் வருத்தம்தான். ஆனால் அந்தப் பாணை நான் 20 வருடமாகச் சுடுகிறேன், ஒரு நாளும் பிழைத்ததில்லை. பால் வெதுவெதுப்பாக இல்லாவிட்டால் என் மா எழும்பவே எழும்பாது. அளவிலும் பிழை இல்லை. 360 மில்லி ஊற்றினால் மா கிண்ணத்தை விட்டு அழகாகக் கழன்று வரும்.

கணக்கு வாத்தியார்

அக்கா, உங்கள் குசினியில் பிழை இல்லை. அங்கே கனடாவின் குளிர்காலத்தில் அறை 20, மா 19, மெஷின் 12. கழித்தால் 27 வருகிறது. உங்கள் வெதுவெதுப்பு உங்கள் ஊருக்குச் சரி. வேளச்சேரிக்கு அது கொதிநீர் மாதிரி.

நீரின் அளவுக்கு வருவோம். உங்கள் மா பையின் பின்பக்கத்தைப் பாருங்கள். 30 கிராமுக்குப் புரதம் 4 கிராம் என்று போட்டிருக்கும்.

ஸ்கார்பரோ அன்னம்

ஓம், 4 கிராம் என்றுதான் இருக்கிறது.

கணக்கு வாத்தியார்

நூற்றுக்கு 13. கனடாவில் எல்லாத் தேவைக்குமான சாதாரண மா என்று விற்பதே கடின கோதுமையில் அரைத்தது. என் வீட்டு மைதாப் பாக்கெட்டில் நூற்றுக்கு 10 என்று இருக்கிறது. புரதம் குறைந்த மாவு நீரையும் குறைவாகத்தான் பிடிக்கும்.

பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். 360 மில்லி பாலில் சுமார் 313 கிராம். முட்டையில் ஒரு 37. மொத்தம் 350. 500 கிராம் மாவுக்கு 70 விழுக்காடு நீர். அன்னம் அக்காவின் மா அதைத் தாங்கும். நம் மைதா 60ஐத் தாண்டினாலே முனகும், வெண்ணெய் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாலை 300 மில்லியாகக் குறையுங்கள். மொத்த நீர் 298, அதாவது 60 விழுக்காடு. குறைவாகத் தோன்றினால் கடைசியில் ஒரு கரண்டி சேர்க்கலாம். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது.

பழைய மாஸ்டர்

வாத்தியார் சரியாகப் பிடித்தார். புளிக்க வைத்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி வீட்டில் ஒன்றரை மணி நேரம் என்றால் 32 டிகிரி வீட்டில் 40, 45 நிமிடம். ஏற்கெனவே 36இல் இருந்த மாவுக்கு அதுகூட அதிகம். உங்கள் ரொட்டி அடுப்புக்குள் போகும்போதே தன் பலத்தையெல்லாம் இழந்துவிட்டிருந்தது. உள்வாங்கியதற்கும் கள் வாடைக்கும் அதுதான் காரணம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மாவில் விரலை மெல்ல அழுத்துங்கள். குழி உடனே மேலே வந்தால் நேரம் இருக்கிறது. மெதுவாகப் பாதி வந்தால் அடுப்பில் ஏற்றுங்கள். வராமலே நின்றால் பஸ் போய்விட்டது.

கோவைக் கல்

4ஆம் வேகத்தில் 15 நிமிடம் என்பதற்குப் பதில் 8ஆம் வேகத்தில் 5 நிமிடம் ஓட்டினால் சூடேறுவதற்குள் முடிந்துவிடாதா? கேட்டுத்தான் பார்க்கிறேன். மெஷினை ஏற்றுக்கொண்டதாக நினைக்க வேண்டாம்.

பழைய மாஸ்டர்

நல்ல கேள்விதான் தம்பி. இங்கிலாந்தில் 1961இல் சோர்லிவுட் என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அதைத்தான் செய்தார்கள். மூன்று நிமிடங்களில் அசுர வேகத்தில் மாவைப் பதப்படுத்தி, புரதம் குறைந்த உள்ளூர்க் கோதுமையிலும் ரொட்டி எழும்ப வைத்தார்கள். ஆனால் அந்த மெஷின் வேறு, அதில் சேர்க்கும் பொருள்களும் வேறு. வீட்டு மெஷினில் 8ஆம் வேகம் கேக்குக்கும் முட்டை அடிக்கவும். கெட்டி மாவோடு அதில் ஓட்டினால் முதலில் பல்சக்கரம் போகும். மாவு பிசைய 2ஆம் வேகத்தைத் தாண்டாதே என்றுதான் பெரும்பாலான கையேடுகளிலும் எழுதியிருக்கும். மேடையில் மெஷின் நடந்ததற்கும் 4ஆம் வேகம்தான் காரணம்.

இன்னொன்று. அதிகம் அடித்தால் காற்று உள்ளே போய் மாவின் இளமஞ்சள் நிறம் வெளுத்துவிடும், கூடவே மணமும் போகும். பிரான்சில் ரேமோன் கால்வெல் என்ற பேராசிரியர் இதைத்தான் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காட்டிய வழி எளியது. மாவையும் நீரையும் மட்டும் கலந்து 20, 30 நிமிடம் சும்மா விட்டுவிடு. பிறகு ஈஸ்ட், உப்பு சேர்த்துப் பிசை. மாவு சும்மா கிடக்கும்போதே பாதி இழுவை வந்துவிடும். மெஷின் ஓடும் நேரம் குறையும், சூடும் குறையும். எங்கள் முதலாளிக்கு இது தெரிந்திருந்தால் மின்சாரக் கட்டணத்தில் மிச்சம் பிடித்திருப்பார்.

ஆட்டா பிரியன்

மைதாவே வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு. முழுக்க ஆட்டாவில் இதைச் செய்யலாமா? பாக்கெட்டில் புரதம் 12 என்று இருக்கிறது. மைதாவைவிட அதிகம்தானே, இன்னும் நன்றாக எழும்ப வேண்டும் அல்லவா?

பழைய மாஸ்டர்

காகிதத்தில் அப்படித்தான் தோன்றும். தவிட்டின் விளிம்புகள் கத்தி போல மாவின் இழைகளை அறுத்துவிடும். சக்கிக் கல்லில் அரைத்த ஆட்டாவில் மாச்சத்து நொறுங்கியிருப்பதால் தண்ணீரை நிறையக் குடிக்கும். 75 விழுக்காடுகூடக் கேட்கும். சப்பாத்திக்கு அது வரம், ரொட்டிக்குப் பாரம். பாதிக்குப் பாதி தொடங்குங்கள். ஆட்டாவை மட்டும் பாலில் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டுப் பிறகு மைதாவைச் சேருங்கள். பிசையும் நேரத்தையும் குறையுங்கள். வீட்டு உத்தரவைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கோவைக் கல்

என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து இப்படி ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். 110 வோல்ட். இங்கே 230இல் நேராகச் செருகிவிட்டார். புகை வந்தது, புகைப்படம்தான் எடுக்கவில்லை. இப்போது அது அவர் வீட்டு வரவேற்பறையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் அழகாக இருக்கிறது.

ஸ்கார்பரோ அன்னம்

அதற்கு வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதுவும் மெஷினின் வாட்டைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக. அதைத் தூக்கி வருவதற்கு அங்கேயே ஒன்று வாங்கிவிடலாம்.

பாண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர் வெதுப்பகத்தில் மெஷின் எல்லாம் இல்லை. பெரிய மரத்தொட்டியில் இரண்டு பேர் நின்று மாவை அடிப்பார்கள். விடியற்காலை 4 மணிக்குப் போறணையில் இருந்து ரோஸ் பாண் வெளியே வரும் வாசத்துக்கு நாங்கள் எழும்பிவிடுவோம். யோசித்துப் பார்த்தால், அந்த வெக்கையிலும் அவர்கள் பாலையோ தண்ணீரையோ சுடவைத்ததை நான் கண்டதில்லை. இரவில்தான் மா குழைப்பார்கள். ஏன் இரவில் என்று இத்தனை வருடம் நான் யோசிக்கவே இல்லை.

பழைய மாஸ்டர்

இரவில் குளிர்ச்சி, காலையில் வியாபாரம். இரண்டும் சேர்ந்துதான் அக்கா.

வேளச்சேரி வெண்ணெய்

முடிவு சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை 6 மணிக்குத் தொடங்கினேன். மைதாவும் கிண்ணமும் கொக்கியும் இரவிலிருந்தே குளிர்பெட்டியில். (அம்மா தோசை மாவு எடுக்கப் போய், கொக்கியைப் பார்த்து என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.) பால் 300 மில்லி, முட்டை, மைதா மூன்றையும் துடுப்பால் 1 நிமிடம் கலந்து 25 நிமிடம் மூடிவைத்தேன். திறந்தபோதே வேறு மாவாக இருந்தது. போன முறை கலந்த உடனே இழுத்தால் அறுந்தது. இம்முறை கையால் தூக்கினால் துணி போல வந்தது.

பிறகு கொக்கி. ஈஸ்ட், சர்க்கரை, உப்பு சேர்த்து 2ஆம் வேகத்தில் 5 நிமிடம். வெண்ணெயைக் கடைசியில்தான் போட்டேன், சிறு சிறு துண்டுகளாக. வெண்ணெய் போட்டதும் மாவு ஒரேயடியாகச் சிதறி, கிண்ணம் முழுக்க வழுக்கிக்கொண்டு ஓடியது. கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன். பயத்தில் மைதா எடுக்கக் கை போனது. பொறுத்திருந்தேன். 3 நிமிடத்தில் ஒரு சத்தம் மாறியது. வழவழ என்று இழுபட்ட சத்தம் போய், கிண்ணத்தின் சுவரில் மாவு பட் பட்டென்று அறைகிற சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் கிண்ணத்தின் சுவர் சுத்தமாக இருக்கிறது! மொத்தம் 10 நிமிடம்தான். தெர்மாமீட்டர் 26.5.

ஒரு எலுமிச்சை அளவு மாவை எடுத்து விரல்களால் விரித்தேன். சவ்வு போல விரிந்தது, ஜன்னல் வெளிச்சம் அதற்குள் தெரிந்தது. அறுந்துபோகும் வரை விரித்து விளையாடினேன்.

50 நிமிடத்தில் இரண்டு மடங்கானது. மூன்று உருண்டைகளாகச் சுருட்டி டின்னில் வைத்து 35 நிமிடம். 180 டிகிரியில் 32 நிமிடம் சுட்டேன். உள்சூடு 94 காட்டியதும் வெளியே எடுத்தேன். டின்னுக்கு மேல் மூன்று விரற்கடை எழும்பி நின்றது. ஆற வைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பார்கள், ஆற விடவில்லை. அம்மா ஒரு ஓரத்தைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிட்டார். "கடை பன் மாதிரியே இருக்கிறது" என்றார். என் அம்மா அகராதியில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கோவைக் கல்

வாழ்த்துகள் சகோதரி. அந்தக் கொக்கியில் பரோட்டா மாவு பிசைய முடியுமா? நண்பர் ஒருவர் கேட்கிறார்.

பழைய மாஸ்டர்

நண்பரிடம் சொல்லுங்கள், தாராளமாக முடியும். 2ஆம் வேகத்தில் 8 நிமிடம். மெத்தென்று வந்த பிறகு எண்ணெய் தடவி 2 மணி நேரம் ஊறவிடட்டும். வீச்சுக்கு மெஷின் இல்லை, அதற்கு அவர் கைதான்.

தங்கைக்கு ஒரு வார்த்தை. மாவு பிசைந்த பிறகு தலைப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அடுத்த மாவுக்கு முன் முக்கால் மணி நேரம் ஓய்வு கொடுங்கள். ஆசையில் ஒரே காலையில் நான்கு மாவு போட்டுவிடாதீர்கள்.

ஸ்கார்பரோ அன்னம்

என் பழைய குறிப்பைத் திருத்திவிட்டேன். "வெதுவெதுப்பான பால்" என்ற இடத்தில் "உங்கள் ஊர் வெக்கையைப் பொறுத்து" என்று போட்டு, வாத்தியாரின் கணக்கையும் கீழே சேர்த்திருக்கிறேன். பால் 300 இலிருந்து 360 வரை, மாவின் பையைப் பார்த்து ஊற்றவும் என்றும் எழுதிவிட்டேன். மெத்தப் பெரிய உபகாரம்.

மலைக்காற்று

புதியவன், வணக்கம். இந்த இழை முழுவதையும் படித்துவிட்டு, சொன்னபடியே மைதாவைக் குளிர்பெட்டியில் வைத்து, பாலில் ஐஸ் போட்டுப் பிசைந்தேன். 3 மணி நேரம் ஆகிறது, மாவு அசையவே இல்லை. கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஈஸ்ட் கெட்டுவிட்டதா?

பழைய மாஸ்டர்

எந்த ஊர் தம்பி?

மலைக்காற்று

ஊட்டி, ஐயா. ஃபிங்கர்போஸ்ட் பக்கம்.

கணக்கு வாத்தியார்

சமையலறை 15 என்று வைத்துக்கொள்கிறேன், மைதாவும் 15. 78 − 15 − 15 − 12 = 36. ஈஸ்ட் நன்றாகத்தான் இருக்கும், தூங்குகிறது. கிண்ணத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து மூடுங்கள். அடுத்த முறை பாலின் சூட்டுக்கு அன்னம் அக்காவின் பழைய குறிப்பைப் பின்பற்றுங்கள். அக்கா, அதை அழித்துவிட்டீர்களா?